இருபத்தேழாம் நம்பர் பால்

புளியடிப்பட்டி பால் சங்கத்தில் கிருபாபாய் டெஸ்டராக இருந்த ஏழு வருஷமும் அவளுக்கு அந்த ஊரில் ஒருவர் மீதும் மரியாதை வந்ததில்லை. வரவேண்டும் என்று அவள் சிரமப்பட்டதும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்குப் போகிற ரோட்டில், பஸ் நின்றும் நிற்காமலும் போகிற ஊர் அது. காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் நாற்பத்தொரு உறுப்பினர்கள் தூக்குவாளியும் குடமுமாகச் சங்கத்து ஜன்னலுக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். யார் பாலில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று வரிசையைப் பார்த்தே அவளால் சொல்ல முடியும். லாக்டோமீட்டர் பாலுக்குள் முங்கிப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, மாடு நேற்று ராத்திரி தண்ணீர் ஜாஸ்தி குடித்துவிட்டது என்று சொல்கிற ஆட்கள். அவள் மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு நோட்டில் எழுதுவாள். ஏச்சுக்கூட வாங்கிக்கொள்ளலாம், அந்தப் பார்வையை வாங்க முடியாது என்று ஆண்பிள்ளைகளே சொன்னார்கள்.

அவள் பிறந்தது சிவகாசிப் பக்கம். கிறிஸ்தவக் குடும்பம், அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் சமையல்காரர். அந்தச் சலுகையில் பத்தாவது வரை படித்தாள், இங்கிலீஷில் பாட்டில் லேபிளை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பாள். கட்டிக்கொண்ட பொன்னுராஜ் லாரி டிரைவர். பம்பாய்க்கு லோடு ஏற்றிக்கொண்டு போனவன் அங்கிருந்து இரண்டு கடிதம் போட்டான், மூன்றாவது வரவில்லை. ஒரே மகள் பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பு முடிகிறவரை இந்த வேலை கிருபாபாய் கையை விட்டுப் போகக்கூடாது. அவளுக்கு இருந்த கவலை இது ஒன்றுதான். அது ஊருக்கும் தெரியும். எல்லோரையும்விட நன்றாகச் சங்கத் தலைவர் ஐயாதுரைக்குத் தெரியும். அவருக்கு சோலைச்சாமி என்று ஒரு மருமகன் இருந்தான், தங்கச்சி மகன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சும்மா சுற்றிக்கொண்டிருந்த அவனை டெஸ்டர் நாற்காலியில் உட்காரவைத்துவிட வேண்டும் என்பது தலைவருடைய ஆசை. கிருபாபாய் ஒரு தப்புச் செய்யட்டும் என்று ஐயாதுரை காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும், வேறு ஒன்றும் அவ்வளவாகத் தெரியாது.

ஒவ்வொருவர் பாலிலும் ஒரு சின்ன அகப்பை மாதிரிக்கு எடுப்பார்கள். அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஆசிட்டோடு விட்டுச் சுற்றினால் கொழுப்பு எவ்வளவு என்று தெரியும். மிஞ்சுகிற மாதிரிப் பால் டெஸ்டருக்கு. சங்கம் தொடங்கிய 1984லிருந்து அந்த வழக்கம், யாரும் எழுதி வைத்ததில்லை. கிருபாபாய் அதையெல்லாம் ஒரு சட்டியில் ஊற்றிக் காய்ச்சி உறை விடுவாள். அந்தத் தயிரும் ஊறுகாயும்தான் அவளுக்கு இரண்டு வேளைச் சோறு.

எண்பத்தாறில் கடன் மேளா வைத்து ஊருக்குள் ஜெர்சி மாடுகளை இறக்கினார்கள். தலைவர் வீட்டில் நாலு, தலைவரைப் பார்த்து மற்றவர்கள் வீட்டில் ஒன்று இரண்டு. அந்த மாடுகள் நிற்கத் தரை ஈரமில்லாமல் இருக்க வேண்டும், கறக்குமுன் மடியைக் கழுவ வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க வகுப்பெடுத்தார்கள். வகுப்பில் கொடுத்த சாப்பாடு நன்றாக இருந்ததை எல்லோரும் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் மாடுகளுக்கு மடி வீங்கியது. வீங்கினதும் சுயம்புலிங்கத்துக்கு ஆள் போனது.

சுயம்புலிங்கம் மாட்டாஸ்பத்திரியில் இருபது வருஷம் மாட்டைப் பிடித்துக்கொடுக்கிற வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் தானே டாக்டர் ஆகிவிட்டார். டி.வி.எஸ். ஐம்பதும் கறுப்புப் பையுமாகச் சுற்றுவட்டாரம் முழுக்க அவர்தான். மாடு செருமினால் ஊசி, தீனி எடுக்காவிட்டால் ஊசி, கன்றுபோட்டால் ஊசி. மடி வீங்கினால் காம்புக்குள் ஒரு மருந்து ட்யூப்பைப் பிதுக்கி, அதற்கு மேலும் ஒரு ஊசி. மருந்தின் பெயரைக் கேட்டால் நல்ல மருந்து என்பார்.

அந்த வருஷம் கார்த்திகையில் கிருபாபாயின் சட்டியில் தயிர் உறையவில்லை. குளிர் என்று நினைத்து அடுப்பு மேட்டில் வைத்தாள். மறுநாளும் பால் பாலாகவே இருந்தது. மூன்றாம் நாள் கரண்டியை எடுத்தால் கோழை மாதிரி நூல் விட்டது. உறைமோர் கெட்டுவிட்டதோ என்று பக்கத்து ஊர் வேதக்கோயில் உபதேசியார் வீட்டிலிருந்து புது உறை வாங்கிவந்து பார்த்தாள், அதுவும் பலிக்கவில்லை. அப்போது அவளுக்கு மதுரைப் பயிற்சி ஞாபகம் வந்தது. பதினைந்து நாள் பயிற்சியில் ஒரே ஒரு நாள், அதுவும் சாப்பாட்டு மணி அடிக்கப்போகிற நேரத்தில், மடியில் ட்யூப் போட்ட மாட்டின் பாலை மூன்று நாள் விலக்க வேண்டும் என்று வாத்தியார் சொன்னார். ட்யூப்பில் இருக்கிற ஆன்டிபயாட்டிக் மருந்து பாலோடு இறங்கும், தயிர் உறையவைக்கிற நுண்ணுயிரைக் கொல்லும், குடிக்கிறவர்கள் உடம்பிலும் தங்கிக் கெடுதல் பண்ணும், நாளைக்கு அவர்களுக்கு ஒரு வியாதி வந்தால் அதே மருந்து கேட்காது. எல்லோரும் இலையில் உட்கார எழுந்து போய்விட்டார்கள். கிருபாபாய் மட்டும் எழுதிக்கொண்டாள்.

அவள் சந்தைக்குப் போய் ஒரே அளவில் நாற்பத்தொரு எவர்சில்வர் டம்ளர் வாங்கினாள், சொந்தக் காசில். ஒவ்வொன்றிலும் ஆணியால் நம்பர் கீறினாள். தினமும் ஒவ்வொருவர் மாதிரிப் பாலையும் தனித்தனியாகக் காய்ச்சி ஆறவைத்து, ஒரே சொட்டு உறை விட்டு, சங்கத்து அலமாரியில் வரிசையாக வைத்தாள். விடிந்து பார்த்தால் கதை வெளியே வந்துவிட்டது. ஒன்றாம் நம்பர், அது தலைவர் வீடு, தண்ணீராக ஆடியது. ஆறு, ஏழு, பதினொன்று ஆடின. இருபத்தேழைக் கவிழ்த்துப் பிடித்தாலும் விழவில்லை. இருபத்தேழு சந்தனம் என்பவளுடையது. கண்மாய்க் கரையில் வேலி முள்ளுக்கு நடுவே குடிசை போட்டிருந்த விதவை, இரண்டு எருமை வைத்திருந்தாள். கடன் மேளாவுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. ஊசி போடவும் அவளிடம் வகை இல்லை.

சுயம்புலிங்கத்தை ரோட்டில் நிறுத்திக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ட்யூப் போட்டா மூணு நாளைக்குப் பாலைச் சங்கத்துக்குக் கொண்டாரக் கூடாதுன்னு மாட்டுக்காரங்ககிட்ட சொல்லுதீயளா?"

"பாலைக் கீழ கொட்டச் சொன்னா பொறவு எவன் தாயி என்னயக் கூப்புடுவான்?"

அவர் ஒளித்துப் பேசவில்லை. ஊரில் இத்தனை பேருக்கு நடுவில் உண்மை பேசுகிறவன் இவன் ஒருத்தன்தான் என்று கிருபாபாய் நினைத்துக்கொண்டாள். அதனால் அவர் மீது மரியாதை ஒன்றும் கூடிவிடவில்லை.

சங்கக் கூட்டத்தில் அவள் மூன்று நாள் விஷயத்தைச் சொன்னாள். பால் பரிசோதிக்கச் சம்பளம் வாங்குகிறவள் தயிரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று தலைவர் கேட்டார். கூட்டம் கலைந்தது.

அத்தோடு விட்டிருந்தால் அது வெறும் அறியாமை. எண்பத்தெட்டுக் கோடையில் அவர்கள் அறிவாளிகள் ஆனார்கள். அந்த வருஷம் பால் லாரி தினமும் தாமதம். வெயிலில் கேன்கள் ஒரு மணி, இரண்டு மணி நேரம் காய்ந்தன. லாரி பாலை இறக்குகிற குளிர்நிலையத்தில் ஒரு கரண்டிப் பாலைக் கொதிக்கவைத்துப் பார்ப்பார்கள், திரிந்தால் கேனை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் கேன் திரும்பியது. தலைவர் வீட்டு நாலு மாட்டுக்கும் மடி வீக்கம் கண்டிருந்த வாரத்தில் மட்டும் அவர் பால் ஊற்றிய கேன் திரும்பவில்லை. ஐயாதுரை ஆயுசில் முதல் தடவையாக யோசித்தார். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்: மருந்து இறங்கின பால் கெடவில்லை, அப்படியானால் மாட்டுக்குப் போடுகிற ட்யூப்பை நேராகக் கேனுக்கே போட்டால் என்ன?

போட்டார்கள். கேனுக்கு ஒரு ட்யூப். சுயம்புலிங்கம் பெட்டி பெட்டியாக இறக்கினார். கையில் ட்யூப்போடு சோலைச்சாமி கேன் கேனாகப் போய்ப் பிதுக்குவான், மாட்டுக் காம்பில் விடுவது மாதிரியே பதவிசாக. இந்தத் தொழிலிலாவது அவனுக்குக் கை வந்ததே என்று அத்தைக்காரிக்குச் சந்தோஷம். அந்தப் பாலைத்தான் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். கிருபாபாய் முதல் நாளே நோட்டில் கையெழுத்துப் போட மறுத்தாள். தலைவர் அவளை உட்காரச் சொல்லி, மகள் எத்தனையாவது வருஷம் படிக்கிறாள் என்று விசாரித்தார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கையெழுத்துப் போட்டாள். மற்றவர்களைப் பார்க்கிற பார்வையைத் தன்னையும் பார்த்துக்கொள்ள அன்றைக்குத்தான் ஆரம்பித்தாள். டம்ளர் வைப்பதை மட்டும் விடவில்லை.

எண்பத்தொன்பதில் ஐயாதுரைக்கு மாவட்ட அளவில் ஒரு பதவியின் மேல் கண் விழுந்தது. பெயர் பரவ வேண்டும். ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் புளியடிப்பட்டிச் சங்கத்தின் சார்பில் நீர்மோர்ப் பந்தல் போடுவதாக நோட்டீஸ் அடித்தார். நோட்டீஸில் ஆண்டாளை விடத் தலைவர் படம் ஒரு சுற்றுப் பெரிது. முதல் நாள் இரண்டு வேளைப் பாலையும் லாரிக்கு அனுப்பாமல் நிறுத்தி, அண்டா அண்டாவாகக் காய்ச்சி உறை ஊற்ற ஏற்பாடு. கிருபாபாய் ஒரு தடவை சொன்னாள்: ஒன்று, ஆறு, ஏழு, இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு நம்பர் பாலை விலக்கிவிட்டு எருமைப் பாலாக எடுங்கள், கேனில் ட்யூப் போடாதீர்கள்.

"ஏம்மா கிருபா, தயிர் ஒறைய ஊத்த எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு நீ சொல்லித்தரப் போறியா?" என்றார் தலைவர்.

அவள் இரண்டாம் தடவை சொல்லவில்லை. சாயங்காலம் சோலைச்சாமி பழக்க தோஷத்தில் கேன்களுக்கு ட்யூப் பிதுக்கிக்கொண்டு வந்தபோது பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள்.

விடியற்காலம் பந்தலில் அண்டாவைத் திறந்தால் பால், பாலாக இருந்தது. எட்டு அண்டாவும். ஒன்றில் மட்டும் கோழை கட்டியிருந்தது. அதற்குள் தேர் பார்க்க சனம் வந்துவிட்டது. பந்தல் வாசலில் சொம்பும் டம்ளருமாக வரிசை. ஐயாதுரை ஆளை விட்டு எலுமிச்சம்பழம் கூடை கூடையாக இறக்கினார். பிழிந்தார்கள். பால் திரிந்து கட்டியும் தண்ணீருமாகப் பிரிந்தது. அதில் உப்பு, பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுக் கலக்கி நீர்மோர் என்று ஊற்றினார்கள். சனமும் குடித்தது. சாத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், இந்த மாதிரி மோர் குடித்து எத்தனை நாளாயிற்று என்று உச்சுக்கொட்டி இரண்டாவது டம்ளர் வாங்கினார். கிருபாபாய் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்தாள். இந்த சனத்துக்கு யார் என்ன ஊற்றினால்தான் என்ன என்று அன்று அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டாள், ஆனால் தோன்றியது போகவில்லை.

ஊருக்கு வந்ததும் கூட்டம். அண்டா ஏன் உறையவில்லை என்பதற்குத் தலைவர் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். வேதக்காரி கை பட்ட பால் ஆண்டாள் தேரோடுகிற வீதியில் எப்படி உறையும்? தினமும் அதே கை அளந்த பாலுக்குக் காசு வாங்கித் தின்ற நாற்பது தலைகள் ஆமாம் என்று ஆடின. கிருபாபாய் எழுந்தாள். அலமாரியைத் திறந்து, அன்றைய டம்ளர்களில் ஒன்றை எடுத்து மேஜைமேல் கவிழ்த்துப் பிடித்தாள். தயிர் அசையவில்லை.

"இதையும் நாந்தான் தொட்டேன்" என்றாள்.

சந்தனம் மட்டும் பின்னால் நின்று சிரித்தாள். அவளை அதட்டி உட்காரச் சொன்னார்கள்.

கிருபாபாயை வேலையை விட்டு நீக்கவேண்டும் என்று தலைவர் மேலே எழுதினார். விசாரிக்க ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து விரிவாக்க அலுவலர் ரத்தினம் மோட்டார் சைக்கிளில் வந்தார். நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டிவிட்டு உட்காருகிற ஆள். கிருபாபாய் நாற்பத்தொரு டம்ளரையும் அவர் முன் வரிசையாக அடுக்கினாள். பயிற்சி நோட்டை விரித்து வைத்தாள். அவர் ஒவ்வொரு டம்ளராகச் சாய்த்துப் பார்த்தார். பதிமூன்று ஆடின, முதலாவதாக ஆடியது ஒன்றாம் நம்பர். இந்த மருந்து பாலில் இருக்கிறதா என்று பார்க்க நம் பக்கம் எங்கும் மிஷின் கிடையாது, மூன்று நாள் என்பதற்குச் சுற்றறிக்கையும் கிடையாது, தயிர் உறையாததை வைத்துத் தலைவர் மாட்டைக் குற்றம் சொல்ல எந்த விதியிலும் இடமில்லை என்று அவர் விளக்கினார். தலைவர் மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு ரத்தினம், டெஸ்டரிடம் தனியாகப் பேசவேண்டும் என்று மற்றவர்களை வெளியே அனுப்பினார்.

"அந்த இருபத்தேழு யாரு பாலு?"

சொன்னாள்.

"வீட்டுல சின்னவன் இருக்கான். தயிர் கட்டியா இருந்தாத்தான் சோறு எறங்கும். தெனம் ஒரு லிட்டர் லாரியில குடுத்துவிடுங்க. ஒங்க வேலைக்கு நான் பொறுப்பு."

கிருபாபாய் கணக்குப் போட்டாள். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருந்தது. தலையை ஆட்டினாள். அடுத்த நாளிலிருந்து சந்தனம் பாலில் ஒரு லிட்டரை முதலிலேயே தனியாக எடுத்து, மாதிரி என்று நோட்டில் எழுதி, லாரி கிளீனரிடம் கொடுத்துவிட்டாள். அலுவலர் அறிக்கையில் டெஸ்டர் மீது தவறு ஏதும் இல்லை என்று எழுதினார். இன்னொரு பக்கம் தலைவர் மீதும் தவறு ஏதும் இல்லை என்று எழுதினார்.

லாரி கிளீனர் வாய் சும்மா இருக்குமா? ஆபீசர் வீட்டுக்குச் சந்தனம் வீட்டு எருமைப் பால் போகிறது என்று பத்து நாளில் ஊர் முழுக்கத் தெரிந்தது. பாலில் மருந்து கலந்திருக்கிறது என்று மூன்று வருஷமாகக் காதுபடச் சொன்னபோது வராத கோபம் ஐயாதுரைக்கு இப்போது வந்தது. முள்வேலிக்காரி பாலைக் குடிக்கிற ஆபீசர் தன் பாலைக் குடிக்கவில்லையா? வெள்ளிச் செம்பு நிறைய ஜெர்சிப் பாலைக் கறந்து எடுத்துக்கொண்டு தானே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். ரத்தினத்தின் வீட்டு அம்மா செம்பை எட்டிப் பார்த்துவிட்டு, இது உறையாதாமே என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஊரைத் திருத்தியது அந்த ஒரு வார்த்தைதான். அடுத்த கூட்டத்தில் தலைவரே தீர்மானம் கொண்டுவந்தார். ட்யூப்போ ஊசியோ போட்ட மாட்டுக்குக் கழுத்தில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணி மூன்று நாள் அவிழக் கூடாது. அந்தப் பால் பொதுக் கேனில் சேரக்கூடாது, தனிக் கேனில் வாங்கிக் குழியில் கொட்ட வேண்டும். கேனில் ட்யூப் பிதுக்குவது அறவே கூடாது. மினிட் புத்தகத்தில் கிருபாபாய்தான் எழுதினாள். "தலைவர் அவர்களின் சொந்த முயற்சியால்" என்று எழுதச் சொன்னார். அதையும் எழுதினாள். தினம் காலையில் சங்கம் திறக்குமுன் தெருத்தெருவாகப் போய்க் கழுத்துத் துணியைச் சரிபார்ப்பது அவள் வேலை ஆனது. பால் வற்றிய வேறு மாட்டுக்குக் கட்டினவன், கறக்கிற நேரத்துக்கு மட்டும் அவிழ்த்தவன், துணி சாயம் போய் வெள்ளையாகிவிட்டது என்று சாதித்தவன், எல்லோரையும் பிடித்தாள். டம்ளர்கள் ஒவ்வொன்றாக உறைய ஆரம்பித்தன. ஒரு நாள் நாற்பத்தொன்றும் உறைந்தன. ஒருவரும் பாலுக்காகச் செய்யவில்லை, பொறாமைக்காகச் செய்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். எதற்காகவோ, செய்தார்களே என்று அவள் அன்றைக்கு மட்டும் ஊரைக் கொஞ்சம் மன்னித்தாள்.

தொண்ணூற்றொன்று மார்ச்சில் மகளைப் பார்க்கப் பாளையங்கோட்டைக்குக் கிளம்பினாள். ராஜபாளையத்தில் பஸ் மாற வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டீக்கடையில் நின்றாள். பாய்லருக்குப் பக்கத்தில் புளியடிப்பட்டிச் சங்கத்துக் கேன் ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. மாற்றி எடுத்துவிடாமல் இருக்க அடையாளம். இவ்வளவு ஒழுங்காக ஒரு வேலையை அவர்கள் செய்து அவள் பார்த்ததில்லை.

இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள்.

"சிவப்புத்துணிப் பாலு அக்கா. நம்ம கடைக்குன்னே தனியா வருது, சோலைச்சாமின்னு ஒரு தம்பி மொத பஸ்ல போட்டு விடுவாரு. சாயங்காலம் வரைக்கும் வச்சாலும் கெடாது. ஒரு டீ போடட்டா?"

பால் இல்லாமல் போடச் சொன்னாள். அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான்.

ஊர் திரும்பியதும் தலைவரிடம் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. குழியில் கொட்டினால் வயிறு எரிகிறது என்றார்.

"ராஜபாளையத்துக்காரன் என்ன நமக்குச் சொந்தமா பந்தமா? எவன் குடிச்சா ஒனக்கென்ன?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி ரத்தினம் வீட்டுக்குப் போனாள். முழுவதையும் சொன்னாள். அவர் பேப்பரை மடிக்காமலே கேட்டார். அவர் வீட்டு அம்மா பெரிய டம்ளரில் மோர் கொண்டுவந்து வைத்தாள். பார்வைக்கே நல்ல மோர், அது யார் வீட்டுப் பால் என்று கிருபாபாய்க்குத் தெரியாமலா? டீக்காரன் டீதானே போடுகிறான், தயிரா உறை ஊற்றப் போகிறான் என்று ரத்தினம் சிரித்தார். அந்தப் பக்கம் தன் எல்லையும் இல்லை, அவள் எல்லையும் இல்லை என்றார். அவள் மோரைத் தொடாமல் எழுந்து வந்தாள்.

மறுநாள் லாரி வந்தபோது கிளீனர் கையை நீட்டினான். கிருபாபாய் இன்றைக்கு இல்லை என்றாள். நாளைக்கும் இல்லை என்றாள். சந்தனத்தின் பால் முழுவதும் பொதுக் கேனில் இறங்கியது. இதனால் என்ன வரும் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். மகளுக்கு இன்னும் மூன்று மாதப் படிப்பு பாக்கி இருந்தது. அந்த மூன்று மாதத்தைப் பொறுத்துக்கொண்டு பிறகு நிறுத்தியிருக்கலாம் என்று பின்னால் மகளே சொன்னாள். முடியவில்லை என்றாள் இவள். காரணம் கேட்டதற்கு, மோர் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாளாம்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. மாதிரி என்று எழுதித் தினம் ஒரு லிட்டர் பாலை டெஸ்டர் ஒன்றரை வருஷமாகக் களவாடியிருப்பதாக ஐயாதுரை புகார் கொடுத்தார். விசாரிக்க வந்தவர் ரத்தினம். அதே மோட்டார் சைக்கிள், அதே கைக்குட்டை. உறுப்பினர்கள் சுவரோரம் உட்கார்ந்தார்கள். சோலைச்சாமி வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வாசலில் நின்றான். சந்தனம் வந்திருந்தாள். அவள் பாலில்தான் திருட்டு என்று எழுதின ஒரு மனுவில் அவளிடம் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். எதற்கென்று அவளுக்குச் சொல்லவில்லை.

ரத்தினம் நோட்டைப் புரட்டினார். தினமும் ஒரு லிட்டர் மாதிரி எடுக்க எந்த விதியும் இல்லை என்று வாசித்தார். டெஸ்டர் இதற்கு என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

"அந்தப் பாலு எங்க போச்சு?"

கிருபாபாய் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினாள்.

"ஒங்க வீட்டுக்குத்தான் சார். சின்னவனுக்குத் தயிருக்கு."

சுவரோரம் இருந்த நாற்பது பேருக்கும் அது தெரிந்த விஷயம், அதற்காகத்தான் அவர்கள் மாட்டுக் கழுத்தில் துணியே கட்டினார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் தரையில் எதையோ தேடினார்கள். சந்தனம் எழுந்து, "ஆமா சாமி, எம் பாலுதான் ஒங்க வீட்டுக்குப் போச்சு" என்று ஆரம்பித்தாள். கைநாட்டு வைத்தவள் பேசக்கூடாது என்று தலைவர் அவளை உட்காரவைத்தார். ரத்தினத்தின் முகம் சிவக்கவும் இல்லை, வேர்க்கவும் இல்லை. பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினார். எழுதி முடித்ததும் கையெழுத்துக்காகத் தாளை அவள் பக்கம் திருப்பினார். கேள்விக்கு எதிரே, "பதில் ஏதும் அளிக்கவில்லை" என்று இருந்தது. எழுத்து அழகாக இருந்தது.

அவள் கையெழுத்துப் போடவில்லை. சாவியை மேஜைமேல் வைத்தாள். அலமாரியைத் திறந்து, அன்றைய தயிரைச் சட்டியில் கொட்டிச் சந்தனத்திடம் கொடுத்தாள். டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டாள். அவை அவளுடையவை. அவையும் சங்கத்துச் சொத்து என்று ஒருவன் முனகினான்.

மறுநாள் காலை சோலைச்சாமி நாற்காலியில் உட்கார்ந்தான். லாரி வந்ததும் கிளீனர் கையை நீட்டினான். புது டெஸ்டருக்கு இருபத்தேழு எது, ஒன்று எது என்ற வம்பெல்லாம் இல்லை. பக்கத்தில் இருந்த கேனிலிருந்து ஒரு லிட்டர் மொண்டு கொடுத்தான். கேனின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. அந்த நேரத்துக்குக் கிருபாபாய் சாக்கு மூட்டையோடு ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாள். பாளையங்கோட்டை ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் தேவை என்று மகள் விசாரித்து வைத்திருந்தாள். லாரி அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். கிளீனர் மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சோலைச்சாமி எந்தக் கேனிலிருந்து மொண்டிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. சின்னவன் முகத்தை அவள் பார்த்ததில்லை. கையைத் தூக்கினாள், லாரி நின்றது. பிள்ளைக்கு அந்தப் பாலைக் கொடுக்காதீர்கள் என்று வீட்டு அம்மாவிடம் சொல்லச் சொன்னாள். கிளீனர் சரி என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்கு என்ன அர்த்தம் என்று ஏழு வருஷத்தில் அவள் கற்றிருந்தாள். பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.